ஸ்விங் நடனம்: வகைகளும் அடிப்படைக் காலடிகளும் – முழுமையான வழிகாட்டி

ஸ்விங் வகுப்பில் சேர்ந்த புதிதில் பலரும் அவசரப்பட்டு ஸ்விங்அவுட் (12 ஆம் படியில் வரும் ஜோடி அசைவு) வரை தாவிவிடுவார்கள். மூன்றாவது வாரம் ராக் ஸ்டெப்புக்கு (ஒரு காலைப் பின்னால் வைத்து மறுகாலில் திரும்ப வருவது) எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உடல் எடை இந்த நொடியில் எந்தக் காலில் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. கீழே உள்ள படிகளின் வரிசை அந்த ஒரு சிக்கலை மனதில் வைத்து அமைத்தது. நடுவில் ஒரு படியைத் தாண்டிப் போனால், இரண்டு படி கழித்து அதற்கே திரும்பி வரவேண்டியிருக்கும்.

ஒரு சொல் வழக்கை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜோடியில் வழிநடத்துபவர் லீட், தொடர்பவர் ஃபாலோ. ஆண்தான் லீட், பெண்தான் ஃபாலோ என்ற கட்டாயம் இல்லை. யாரும் எதையும் ஆடலாம். ஆனால் கற்கத் தொடங்கும்போது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் பழகினால் கால்கள் குழம்பும்.

1. எந்த வகை என்று தீர்மானிப்பது

ஸ்விங் என்பது ஒரு நடனக் குடும்பத்தின் பெயர். அதில் நடுநாயகம் லிண்டி ஹாப். 1920களின் இறுதியில் நியூயார்க்கின் ஹார்லெமில், கறுப்பின மக்களிடையே உருவானது. 8 கவுண்ட், 6 கவுண்ட் (எட்டு பீட், ஆறு பீட் நீளமுள்ள காலடிகள்) இரண்டும் இதில் கலந்து வரும். நிமிடத்துக்கு 120 முதல் 180 பீட் வரையான பாட்டு இதற்கு வசதி. கை தேர்ந்தவர்கள் அதைத் தாண்டியும் ஆடுவார்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் ஸ்விங், லிண்டியின் 6 கவுண்ட் பகுதியை எளிமையாக்கி நடனப் பள்ளிகள் பரப்பிய வடிவம். பால்ரூம் போட்டிகளில் வரும் ஜைவும் இந்த 6 கவுண்ட் கிளைதான்; அங்கே முழங்காலை அதிகம் தூக்குவார்கள், வேகமும் கூடுதல். சார்ல்ஸ்டன் உதைகளால் ஆனது, வேகமான பாட்டுக்குக் கைகொடுக்கும். பால்போவா தெற்குக் கலிஃபோர்னியாவில் நெரிசலான தளங்களில் வளர்ந்தது. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, கால்களைத் தரையை விட்டு அதிகம் எடுக்காமல் ஆடுவது. காலேஜியேட் ஷேக் ஒரே துள்ளல். வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் இன்று பெரும்பாலும் ப்ளூஸ், பாப் பாட்டுகளுக்கு, நிதானமான வேகத்தில், நேர்கோட்டில் ஆடப்படுகிறது.

முடிவெடுக்க முடியவில்லையா? லிண்டியை எடுங்கள். அதன் காலடிகள் கைவந்தால் மற்றவற்றுக்குப் போவது எளிது. உங்கள் ஊரில் வாராவாரம் கூடி ஆடும் குழு வெஸ்ட் கோஸ்ட் மட்டுமே ஆடுகிறது என்றால் நேராக அதற்கே போகலாம். ஆளில்லாத நடனத்தைக் கற்று என்ன செய்வது? எதை எடுத்தாலும் 3 முதல் 5 வரையான படிகள் எல்லோருக்கும் பொது.

2. காலணி, தரை, இசை

காலணியின் அடிப்பாகம்தான் முக்கியம், பிராண்ட் அல்ல. தோல் அல்லது ஸ்வேட் அடி இருந்தால் பாதம் தரையில் திரும்பும். ஓட்டப்பயிற்சி ஷூவின் ரப்பர் அடி தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் நின்றுவிட, உடல் மட்டும் திரும்பும், அந்த முறுக்கை முழங்கால் வாங்கிக்கொள்ளும். மலிவான வழி: தட்டையான கேன்வாஸ் ஷூ ஒன்றை வாங்கி, செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அடியில் ஸ்வேட் தோலை ஒட்டிக்கொள்வது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்காதீர்கள். தண்ணீரும் மண்ணும் பட்டால் ஸ்வேட் வீணாகிவிடும்.

மரத்தளம் கிடைத்தால் நல்லது. வீட்டில் பளபளப்பான டைல்ஸ் என்றால் தோல் அடி வழுக்கும். அங்கே அடி தேய்ந்த பழைய கேன்வாஸ் ஷூ போதும். தரையில் பவுடர் தூவும் யோசனை வேண்டாம். உங்களுக்கு வசதியாக இருக்கும், அடுத்து அந்த இடத்தில் கால் வைப்பவர் விழுவார். சிமெண்ட் தரையில் துள்ளல் வகைகளை நெடுநேரம் ஆடினால் கெண்டைக்கால் முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும்.

பயிற்சிப் பாட்டின் வேகம் 120–140. அளப்பது சுலபம்: 15 நொடிக்கு பீட்டை எண்ணுங்கள், 30 முதல் 35 வந்தால் சரி; நான்கால் பெருக்கினால் 120–140. ஜாஸ் இசைக்கலைஞர் கவுண்ட் பேஸியின் இசைக்குழு புதியவர்களுக்கு ஏற்றது. அதில் ஃப்ரெடி கிரீனின் கிட்டார் நான்கு பீட்டையும் ஒரே சீராக வெட்டிக்கொண்டே போகும், டபுள் பாஸும் கூடவே நடக்கும். ட்ரம்பெட்டைக் கேட்காமல் இந்த இரண்டையும் கேட்கப் பழகுங்கள்.

மோதிரம், தளர்ந்த கடிகாரம், நீண்ட சங்கிலி மூன்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். மாற்றுச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். நான்கு பாட்டுக்குள் நனைந்துவிடும்.

3. எட்டை எண்ணப் பழகுங்கள்

கால் அசையும் முன் காது தயாராக வேண்டும். உட்கார்ந்தபடியே பாட்டைப் போட்டு 1 முதல் 8 வரை எண்ணுங்கள். இப்படி நான்கு எட்டு முடியும்போது, அதாவது 32 பீட்டில், ஒரு வாக்கியம் முடிந்ததுபோல இசை திரும்பும்: மெட்டு மாறும், அல்லது ட்ரம்ஸ் ஒரு சிறு உருட்டல் தரும். அந்தத் திருப்பத்துக்குப் பிறகு வரும் பீட்தான் உங்கள் 1.

கைதட்டும்போது 2, 4, 6, 8 இல் தட்டுங்கள். 1, 3 இல் தட்டினால் ஸ்விங் இசை அணிவகுப்பு பேண்ட் மாதிரி ஆகிவிடும். சும்மா நாகரிகத்துக்காக இதைச் சொல்லவில்லை: ராக் ஸ்டெப்பில் உடல் முன்னோக்கித் திரும்புவது 2 இல். அந்த 2 ஐக் காது எதிர்பார்க்கப் பழகினால் கால் தானாகவே சரியாக விழும்.

எண்ணுவதை விட்டுவிட்டு இரண்டு நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு, மறுபடி பாட்டின் நடுவில் 1 ஐப் பிடிக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அடுத்த படி.

4. துடிப்பு

பாதங்களை இடுப்பளவு அகலத்தில் வையுங்கள். முழங்கால் பூட்டியிருக்கக் கூடாது. மேல் உடம்பு சற்றே முன்சாய்ந்து, எடை முன்பாதத்தில். இப்போது ஒவ்வொரு பீட்டுக்கும் முழங்காலைக் கொஞ்சம் கீழே தளர்த்துங்கள். இதைத்தான் பல்ஸ் அல்லது பவுன்ஸ் என்பார்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, பீட்டில் மேலே எழும்புவது. பீட்டில் கீழே இறங்க வேண்டும். மேலே வருவது இரண்டு பீட்டுக்கு நடுவில் தானாக நடக்கும். மேலே எழும்புபவரின் கால் தரைக்கு வர ஒரு கணம் தாமதமாகும், அதனால் எப்போதும் இசைக்குப் பின்னாலேயே ஓடுவார். குதிகாலைத் தூக்கி இறக்குவதும் துடிப்பு ஆகாது. அசைவு முழங்காலிலும் இடுப்பிலும் நடக்க வேண்டும், குதிகால் சும்மா இருக்கட்டும்.

அளவு? கண்ணாடியில் பார்த்தால் தலை அரை அங்குலம் அசைவது போதும்.

5. எடை மாற்றம்

இந்தப் படி சலிப்பாக இருக்கும். இதைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள்.

ஒரு பீட்டுக்கு ஒரு கால் என்று நின்ற இடத்திலேயே இடது, வலது, இடது, வலது என்று மாறுங்கள். ஒவ்வொரு முறையும் எடை முழுவதும் மறுகாலுக்குப் போயிருக்க வேண்டும். சோதனை: எந்த நொடியிலும் “நில்” என்றால், எடை இல்லாத காலை உடல் ஆடாமல் தரையிலிருந்து எடுக்க முடிய வேண்டும். எடுக்க முடியவில்லை என்றால் எடை இரண்டு காலிலும் பிரிந்து கிடக்கிறது. அப்படி நிற்பவரால் அடுத்து எந்தக் காலையும் உடனே எடுக்க முடியாது. லீட் தரும் குறிப்பும் அவருக்குப் போய்ச் சேராது.

இதிலேயே இன்னொன்றையும் பழகிவிடுங்கள்: எடை மாற்றாமல் காலைத் தரையில் தொடுவது. தொட்ட கால்தான் மறுபடி நகரும், எடை வைத்த கால் நகராது. சார்ல்ஸ்டனிலும் பால்போவாவிலும் இந்த வேறுபாடு தெரியாவிட்டால் கால் மாறிவிடும்.

ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் வரும் எல்லா ஜோடிக் காலடிகளிலும் லீட் இடக்காலில் தொடங்கி, முடிக்கும்போது எடை வலக்காலில் இருக்கும். ஃபாலோவுக்கு அப்படியே எதிர்மறை. அதனால்தான் 6 கவுண்டும் 8 கவுண்டும் சார்ல்ஸ்டனும் எந்த வரிசையிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரு காலடியை முடித்தபோது லீடின் இடக்கால் விடுபட்டிருக்கவில்லை என்றால் நடுவில் ஓர் எடை மாற்றம் தவறியிருக்கிறது என்று அர்த்தம். தேடவேண்டிய இடம் பெரும்பாலும் அடுத்த படியில் வரும் ட்ரிபிள் ஸ்டெப்தான்.

6. ட்ரிபிள் ஸ்டெப்

இரண்டு பீட்டுக்குள் மூன்று எடை மாற்றம். வகுப்பில் “த்ரீ-அண்ட்-ஃபோர்” என்று எண்ணுவார்கள். அந்த “அண்ட்” எங்கே விழுகிறது என்பதில்தான் ஸ்விங்கின் உயிர்.

ஒவ்வொரு பீட்டையும் மூன்றாகப் பிரித்து “தகிட தகிட” என்று சொல்லிப் பாருங்கள். மிருதங்கம், தவில் பழகியவர்களுக்குத் திஸ்ர நடை என்றால் உடனே விளங்கும். முதல் “த” வில் ஒரு அடி. “கி” யில் ஒன்றும் இல்லை. “ட” வில் இரண்டாவது அடி. அடுத்த “த” வில் மூன்றாவது அடி. ஆக நெடில், குறில், நெடில். நடு அடி தாமதமாக வந்து, வந்தவுடனே மூன்றாவதிடம் எடையைக் கொடுத்துவிடும்.

சொல்கட்டு தெரிந்தவர்கள் ஒரு இடத்தில் சறுக்குவார்கள்: “தகிட” வின் மூன்று எழுத்துக்கும் மூன்று அடி வைத்துவிடுவது. மூன்று அடியும் ஒரே பீட்டுக்குள் முடிந்துபோய், அடுத்த பீட்டில் கால் சும்மா நிற்கும். பாட்டு வேகமாக ஆக ஆக “ட” முன்னால் நகர்ந்து, இடைவெளி சமமாகிக்கொண்டே போகும். ஆனால் பயிற்சி வேகத்தில் அதைத் தாமதமாகவே வையுங்கள்.

அடியின் அளவு சிறிது. இடது ட்ரிபிளில் இடக்கால் ஒரு பாத அகலம் இடப்புறம், வலக்கால் அதை நோக்கிப் பாதி வரை, மறுபடி இடக்கால் சிறிது இடப்புறம். மூன்று அடியும் சேர்ந்து தோள் அகலத்தைத் தாண்டக் கூடாது. பெரிதாக வைப்பவர்கள் 150க்கு மேல் போனதும் மூன்றாவது அடியை விழுங்கிவிடுவார்கள், கால் மாறிவிடும். நடு அடியை முன்பாதத்தில் மட்டும் வைப்பது எளிது. குதிகால் தரைக்கு வந்துபோக நேரமில்லை.

நின்ற இடத்தில் இடது ட்ரிபிள், வலது ட்ரிபிள் என்று ஒரு முழுப் பாட்டுக்கு. அலுப்பாக இருந்தாலும் இதை வேகம் கூட்டிக்கூட்டிச் செய்வதுதான் வேலை.

7. ராக் ஸ்டெப்

லீட் இடக்காலைப் பின்னால் வைத்து, வலக்காலில் திரும்ப வருவது. இரண்டு பீட், இரண்டு எடை மாற்றம். ஃபாலோ வலக்காலில் தொடங்குவார்.

பின்னால் போகும் கால் எவ்வளவு தூரம் போக வேண்டும்? அதன் பெருவிரல் முன்காலின் குதிகாலுக்கு அருகில் விழுந்தால் போதும். முன்பாதத்தில் மட்டும் எடை. குதிகாலை அழுத்திவிட்டால் உடல் பின்னால் சாய்ந்துவிடும். 2 இல் திரும்பி வர நேரம் போதாது. வயிறும் நெஞ்சும் இருந்த இடத்திலேயே இருக்க, கால் மட்டும் பின்னால் போய் வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்காலைக் குறுக்காக, மறுகாலுக்குப் பின்னே ஒளித்து வைப்பது இன்னொரு பழக்கம். இடுப்பு திரும்பி ஜோடியை விட்டு விலகும். நேர் பின்னால் வையுங்கள்.

8. ஆறு கவுண்ட் அடிப்படை

இதுவரை பழகிய துண்டுகள் இங்கே சேர்கின்றன. லீடின் காலடி:

1 – இடக்கால் பின்னே
2 – வலக்கால், இருந்த இடத்தில்
3-உம் 4 – இடது, வலது, இடது, இடப்புறமாக
5-உம் 6 – வலது, இடது, வலது, வலப்புறமாக

ஃபாலோ இதற்குக் கண்ணாடி பிம்பம்: 1 இல் வலக்கால் பின்னே, 2 இடது, 3-உம் 4 வலது-இடது-வலது, 5-உம் 6 இடது-வலது-இடது.

சில ஆசிரியர்கள் ட்ரிபிள், ட்ரிபிள், ராக் ஸ்டெப் என்ற வரிசையில் தொடங்குவார்கள். சுழற்சி ஒன்றுதான், நுழையும் வாசல் வேறு. இரண்டு வகுப்பில் இரண்டு விதமாகக் கேட்டுக் குழம்ப வேண்டாம். ஆனால் பயிற்சிக்கு ஒன்றில் நில்லுங்கள்.

அடுத்து ஒரு தலைவலி. பாட்டு எட்டெட்டாகப் போகிறது, நீங்கள் ஆறாறாக ஆடுகிறீர்கள். இரண்டாவது சுற்று தொடங்கும்போது பாட்டு 7 இல் இருக்கும். தாளம் தப்பிவிட்டது என்று நினைத்துப் புதியவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். தப்பவில்லை. நான்கு ஆறு, மூன்று எட்டு, இரண்டும் 24 தான். அங்கே மறுபடி சந்திப்பீர்கள். அதுவரை உங்கள் 1 பாட்டின் 1, 3, 5, 7 இல் எதிலாவது விழுந்தால் சரி. 2, 4 இல் விழுந்தால்தான் தவறு.

பாட்டு வேகமாக இருந்தால் ட்ரிபிளை விட்டுவிட்டு அந்த இரண்டு பீட்டுக்கு ஒரே ஒரு எடை மாற்றம் போதும்: ராக், ஸ்டெப், இட…து, வல…து. மூன்றுக்குப் பதில் ஒன்று. இரண்டும் ஒற்றைப்படை என்பதால் கால் மாறாது. மூச்சு வாங்கும்போதும் இது கைகொடுக்கும்.

9. ஜோடியாக நிற்பது

தனியாக ஆறு கவுண்ட் மூன்று பாட்டுக்குத் தடுமாறாமல் வந்த பிறகே கை பிடியுங்கள். அதற்கு முன் பிடித்தால் ஒருவர் தவறை இன்னொருவர் சுமப்பார்.

மூடிய நிலை: லீடின் வலக்கை ஃபாலோவின் இடப்பக்கத் தோள்பட்டை எலும்பின் மேல், விரல்கள் சேர்ந்து. ஃபாலோவின் இடக்கை லீடின் மேற்கை அல்லது தோளின் மேல். மறுபக்கக் கைகள் ஃபாலோவின் இடுப்புயரத்தில். இருவரும் முகத்துக்கு முகம் நேராக நிற்காமல் லீடின் இடப்புறமாக, சற்றே புத்தகம் திறந்ததுபோல நின்றால் முழங்கால்கள் இடிக்காது.

திறந்த நிலையில் லீடின் கை தட்டாக இருக்கும், ஃபாலோவின் விரல்கள் அதில் கொக்கிபோல மாட்டியிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டாம். சுழலும்போது மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும், வலிக்கும்.

கை எவ்வளவு இறுக்கம்? முழங்கை மடங்கி, உடலுக்குச் சற்று முன்னால் நிற்கட்டும். லீட் முன்னால் அடி வைத்தால் ஃபாலோவின் முழங்கை முதுகுப்பக்கம் போகாமல் உடல் நகர வேண்டும். தொளதொள கையில் செய்தி போகாது. விறைத்த கையில் எல்லாமே அதட்டலாகப் போகும். லீட் செய்பவர்களுக்கு ஒரே விதி: கையால் இழுக்காதீர்கள், உங்கள் உடலை நகர்த்துங்கள், கை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஃபாலோ பக்கத்தில் தவறு வேறு விதம். அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே போவது. வகுப்பில் ஒரே அசைவைத் திரும்பத்திரும்ப ஆடுவதால் வரும் பழக்கம் இது. கண்ணை மூடிக்கொண்டு, லீட் எந்த வரிசையில் செய்கிறார் என்று தெரியாமல் இரண்டு நிமிடம் ஆடினால் சரியாகும்.

10. எட்டு கவுண்ட் அடிப்படை

ஆறு கவுண்டின் நடுவில் இரண்டு நடை அடிகளைச் செருகினால் எட்டு:

1, 2 – ராக் ஸ்டெப்
3-உம் 4 – ட்ரிபிள்
5, 6 – இரண்டு நடை
7-உம் 8 – ட்ரிபிள்

லீடுக்கு 5 வலக்கால், 6 இடக்கால். பிறகு 7-உம் 8 வலது-இடது-வலது. மொத்தம் பத்து எடை மாற்றம். 5, 6 இல் அவசரப்பட்டு ட்ரிபிள் வைத்துவிடுவதுதான் எல்லோருக்கும் வரும் பிசகு. ஆறு கவுண்டின் பழக்கம் இழுக்கும். “நட, நட” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூடிய நிலையில் இதையே வலச்சுற்றாக, இருவருக்கும் நடுவே ஒரு புள்ளியைச் சுற்றி ஆடிப் பழகுங்கள். ஸ்விங்அவுட்டின் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

11. சார்ல்ஸ்டன்

தனி ஆட்டத்துக்கான 1920கள் வடிவத்தில் இரண்டு பீட்டுக்கு ஒரு செயல்: 1 இல் இடக்கால் முன்னே, 3 இல் வலக்கால் முன்னே உதை, 5 இல் அதே வலக்கால் பின்னே எடையுடன், 7 இல் இடக்கால் பின்னே தொட்டு எடுப்பது. தொட்ட கால் எடை வாங்காததால் மறுபடி 1 இல் அதுவே முன்னே போகும். நடுப் பீட்டுகளில் துடிப்பு நிற்கக் கூடாது.

ஜோடியாக ஆடும் 1930கள் வடிவத்தில் இருவரும் ஒரே திசை பார்த்துப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஃபாலோ லீடின் வலப்புறம். லீடின் இடக்காலும் ஃபாலோவின் வலக்காலும் வெளிக்கால்கள்.

1 – வெளிக்கால் பின்னே
2 – உட்கால், இருந்த இடத்தில்
3 – வெளிக்கால் முன்னே உதை
4 – அதே கால் கீழே, எடையுடன்
5 – உட்கால் முன்னே உதை
6 – முழங்கால் மடங்கித் திரும்பும்
7 – அதே உட்கால் பின்னே உதை
8 – உட்கால் கீழே, எடையுடன்

5 முதல் 7 வரை உட்கால் தரையைத் தொடவே கூடாது. 6 இல் அதைக் கீழே வைத்துவிட்டால் 8 இல் எந்தக் கால் என்று இருவருமே விழிப்பீர்கள். இந்த ஒரு இடத்தில்தான் ஜோடிகள் பிரிகின்றன.

உதை முழங்காலிலிருந்து வரட்டும், கீழ்நோக்கி. தொடையிலிருந்து வீசினால் உயரமாகத் தெரியும், ஆனால் 180க்கு மேல் கால் நேரத்துக்குத் திரும்பாது. முன்னால் ஆடுபவரின் கெண்டைக்காலும் பாவம்.

12. ஸ்விங்அவுட்

லிண்டியின் அடையாள அசைவு. காலடி 10 ஆம் படியில் உள்ள அதே எட்டுதான். புதிதாக வருவது பாதை. திறந்த நிலையில், இருவரும் ஒரு நேர்கோட்டின் இரு முனைகளில், லீடின் இடக்கையில் ஃபாலோவின் வலக்கை.

1, 2: லீட் பின்னே ராக் ஸ்டெப். ஃபாலோ இங்கே ராக் ஸ்டெப் வைக்காமல் வலது, இடது என்று முன்னோக்கி நடந்து வருவார். தொடக்க வகுப்புகளில் அவருக்கும் ராக் ஸ்டெப் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படிப் பழகியிருந்தால் இப்போது விட்டுவிடுங்கள்; எதிரெதிராக இருவரும் பின்வாங்கினால் கயிறு இழுக்கும் போட்டிதான் நடக்கும்.

3-உம் 4: லீட் கோட்டிலிருந்து விலகி வழிவிட்டு, வலச்சுற்றாகத் திரும்பியபடி வலக்கையால் ஃபாலோவின் முதுகை வாங்கிக்கொள்வார். 4 இல் மூடிய நிலை; அரைச்சுற்று முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் மீதிப் பாதியை வலுக்கட்டாயமாகத் திருப்பவேண்டி வரும். வழிவிடாமல் கோட்டின் மேலேயே நிற்கும் லீடோடு ஃபாலோ மோதுவார், அல்லது அவரைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்து தாமதமாவார்.

5, 6: சுற்றின் வேகத்தோடு லீட் தன் வலப்பக்கத்தைக் கதவுபோலத் திறப்பார். ஃபாலோ அந்த வழியே வெளியே நடப்பார். முதுகில் தள்ள வேண்டியதில்லை. கை தானாக நழுவட்டும். 

7-உம் 8: ஃபாலோ லீடைப் பார்த்துத் திரும்பியபடி பின்னோக்கி ட்ரிபிள், லீட் இருந்த இடத்தில் ட்ரிபிள் வைத்து எடையை நிலைநிறுத்துவார். இருவர் கையிலும் முழங்கை மடிப்பு மிச்சம் இருக்க வேண்டும். கை முழுவதும் நீண்டுவிட்டால் அடுத்த 1 இல் தோள்பட்டை வெட்டி இழுபடும். ஃபாலோ தொடங்கிய முனையிலேயே வந்து நிற்கிறாரா என்று பாருங்கள். இடம் மாறியிருந்தால் குறை 3-உம் 4 இல் இருக்கிறது, 5 இல் அல்ல.

பயிற்சிக்கு 1–4 ஐ மட்டும் பத்து முறை, 5–8 ஐ மட்டும் பத்து முறை, பிறகு சேர்த்து. வேகம் 130ஐத் தாண்ட வேண்டாம்.

13. மற்ற மூன்று, சுருக்கமாக

பால்போவா: லீடுக்கு 1 இடக்கால் பின்னே, 2 வலக்கால் சேர்த்து, 3 நிறுத்தம், 4 இடக்கால்; 5 வலக்கால் முன்னே, 6 இடக்கால் சேர்த்து, 7 நிறுத்தம், 8 வலக்கால். நிறுத்தத்தை 4, 8 இல் வைத்து, அடியை 3, 7 இல் வைக்கும் இன்னொரு வடிவமும் உண்டு. ஃபாலோ வலக்காலில் முன்னே தொடங்குவார். லீட் தருவது நெஞ்சால், எனவே கையைத் தேடாதீர்கள். அடிகள் ஒரு பாத நீளத்துக்கும் குறைவு. மெதுவான பாட்டில் இது எரிச்சலூட்டும். 180க்கு மேல் போனால்தான் இதன் சிக்கனம் ஏன் என்று புரியும்.

காலேஜியேட் ஷேக்: 6 கவுண்ட். 1, 2 – இடக்காலில் அடி வைத்து அதிலேயே ஒரு துள்ளல். 3, 4 – வலக்காலில் அதேபோல். 5, 6 – இடது, வலது என்று இரண்டு வேக அடி. “மெது, மெது, விரை, விரை” என்று எண்ணலாம். துள்ளலில் தலை உயரக் கூடாது, முழங்கால்தான் மேலே வரவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாட்டிலேயே கால் ஓய்ந்துவிடும்.

வெஸ்ட் கோஸ்ட்: 1, 2 நடை, 3-உம் 4 ட்ரிபிள், 5-உம் 6 இன்னொரு ட்ரிபிள். லீட் 1 இல் இடக்கால் பின்னே, ஃபாலோ வலக்கால் முன்னே. ஃபாலோ எப்போதும் ஒரே நேர்கோட்டில் போய்வருவார், லீட் விலகி வழிவிடுவார். கடைசி ட்ரிபிளுக்கு ஆங்கர் என்று பெயர். அங்கே ஃபாலோ முன்னே கிளம்பாமல் எடையைப் பின்னால் தங்கவைக்க வேண்டும். லிண்டியிலிருந்து வருபவர்கள் இங்கேயும் ராக் ஸ்டெப் வைத்து மாட்டிக்கொள்வார்கள். துடிப்பையும் இங்கே வெளியே தெரியாதபடி அடக்கி, வழுக்கிச் செல்வதுபோல ஆட வேண்டும்.

14. முதல் சோஷியலுக்கு (எல்லோரும் கூடி ஆடும் நிகழ்வு) போகும்போது

ஆறு கவுண்ட் அடிப்படை, அதில் ஒரு சுழற்சி, ஜோடிச் சார்ல்ஸ்டன், இவ்வளவு இருந்தால் ஒரு மாலைப்பொழுதை ஓட்டிவிடலாம். ஸ்விங்அவுட் வந்த பிறகுதான் போவேன் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் போவதே இல்லை.

நடுவில் கால் தப்பிவிட்டால் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மூடிய நிலைக்கு வந்து, காலடி எதுவும் வைக்காமல் இருவரும் சேர்ந்து துடிப்பை மட்டும் பிடியுங்கள். லீட் தன் எடையை வலக்காலுக்குத் தெளிவாக மாற்றி, ஃபாலோவின் எடை இடக்காலுக்குப் போனதை முதுகில் உள்ள கையால் உணர்ந்த பிறகு, அடுத்த ஒற்றைப்படை பீட்டில் ராக் ஸ்டெப். எட்டு பீட்டுக்குள் சரியாகிவிடும், பார்ப்பவர்களுக்கும் தெரியாது.

வெளியே அனுப்பும் முன் அந்தத் திசையில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது லீடின் பொறுப்பு. ஃபாலோவுக்கு முதுகில் கண் கிடையாது. யாரையாவது இடித்துவிட்டால் யார் தவறு என்று ஆராயாமல் அடிபட்டதா என்று கேளுங்கள். ஜோடியைத் தூக்கிச் சுழற்றும் ஏரியல்கள் மேடைக்கும் போட்டிக்கும் உரியவை. சோஷியல் தளத்தில் யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஆட அழைப்பு வந்தால் மறுக்கவும் உரிமை உண்டு. “இந்தப் பாட்டு வேண்டாம்” என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.